விமானிகளின் வாக்கும் வேலைநிறுத்தமும்

தறியும் ஏரும் நம் தொழில். ஆகாய விமானம் ஓட்டுவோரைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், ஒரு தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடித் தம் உழைப்புக்குரிய விலையைப் பேசுவதும், பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வாக்கெடுத்துத் தீர்மானிப்பதும் எந்த நாட்டில் நடந்தாலும் கூட்டுறவாளர்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய காரியமாகும். ஒற்றுமையின் பலம் எவ்வளவு, அதன் எல்லை எது என்பதை அத்தகைய சந்தர்ப்பங்களே தெளிவாகக் காட்டுகின்றன. அண்மை ஆண்டுகளில் இதற்குச் சிறந்த உதாரணமாக நமக்குத் தோன்றுவது கனடா தேசத்து விமானிகள் 2024-ஆம் ஆண்டில் நடந்துகொண்ட முறையேயாகும்.

கனடாவின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஏர் கனடா. அதில் அப்போது 5,200-க்கு மேற்பட்ட விமானிகள் பணிபுரிந்தனர். 2014-இல் அவர்கள் கம்பெனியோடு பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டிருந்தனர். அந்த நெடிய ஒப்பந்தம் முடிவை நெருங்கிய காலத்தில், 2023 ஜூன் மாதத்தில், புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சு தொடங்கிற்று. ஓராண்டுக்கு மேல் பேசியும் சம்பள விஷயத்தில் இரு தரப்பாரும் நெருங்கி வந்தாரில்லை. 2024 ஆகஸ்டில் சங்கம் தன் அங்கத்தினரிடம் சென்றது. தேவை ஏற்படின் வேலைநிறுத்தம் செய்யும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு அளிக்கலாம் என்று வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 98 பேர் கூறினர். நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றிச்செல்லும் கம்பெனி, தன் போக்குவரத்தை மூன்று நாளில் படிப்படியாக நிறுத்துவதற்கு ஆயத்தம் செய்தது. வியாபார சபைகள் சர்க்கார் தலையிட வேண்டுமென்று முறையிட்டன. இந்நிலையில், வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கொடுக்கக்கூடிய நாளான செப்டம்பர் 15-ஆம் தேதி அதிகாலையில் உடன்பாடு ஏற்பட்டது. வேலைநிறுத்தம் நடைபெறவேயில்லை.

உடன்பாட்டின் சாரம் இது: 2023 செப்டம்பர் முதல் முன்தேதியிட்டு நூற்றுக்கு 26 வீதம் உயர்வு; பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 4. முன்பு 100 டாலர் பெற்றவர் இறுதியில் ஏறத்தாழ 142 டாலர் பெறுவார் என்பது இதன் கணக்கு. ஒரு நாளேனும் விமானத்தை நிறுத்தாமல் இவ்வளவும் கிடைத்தது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அதற்கு முன் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறுதல் வேண்டும். 'விமானிகள் கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு வேலைநிறுத்தம் எதற்கு?' என்பது அந்த ஆட்சேபம். நாள் முழுதும் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவருக்கும், மழையை நம்பி விதையை மண்ணில் போடுகிறவருக்கும் இவ்வாறு தோன்றுவது இயல்பு. ஆனால் நியாயத்தை நிறுப்பதற்குச் சம்பளத்தின் தொகை மட்டும் படிக்கல் ஆகாது.

முதலாவதாக, விமானிகள் எல்லோரும் ஒரே நிலையில் உள்ளவரல்லர். ஏர் கனடாவில் புதிதாகச் சேர்ந்த விமானிகள் முதல் நான்கு ஆண்டுகள் ஏறுமுகமில்லாத, மட்டமான ஒரே சம்பளத்தில் இருந்தனர். பயிற்சிக்குப் பெரும் பணம் செலவிட்டுக் கடனோடு வந்து சேரும் இளைஞருக்கு அது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. பேரத்தில் முக்கியமான கோரிக்கைகளுள் இதுவும் ஒன்றாயிருந்தது.

இரண்டாவதாக, விமானிக்குத் தன்னந்தனியே பேரம் பேசும் சக்தி கிடையாது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த நாளில் ஓய்வு பெறுவது என்பன யாவும் அவருடைய பணிமூப்பைப் பொறுத்தவை. ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றில் சேர்ந்தால், வட அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் அவருடைய மூப்பு கூடவே வருவதில்லை. இருபது ஆண்டு அநுபவம் பெற்றவரும் அங்கே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 'பிடிக்காவிட்டால் வேறிடம் போ' என்று அவரிடம் சொல்வது, முன்பணம் வாங்கித் தறிக்காரர் ஆகிவிட்ட நெசவாளியிடம் 'வேறு முதலாளியைப் பார்த்துக்கொள்' என்று சொல்வதற்கு ஒப்பாகும். தனியே வெளியேற இயலாதவனுக்குச் சேர்ந்து நிற்பதொன்றே வழி. நம் சங்கங்கள் தோன்றியதும் இந்தக் காரணத்தினாலன்றோ?

மூன்றாவதாக, ஒப்பந்தத்தின் நீளம். பத்தாண்டு ஒப்பந்தம் என்றால் பத்தாண்டு அமைதி என்று 2014-இல் எண்ணப்பட்டது. அதற்குள் உலகம் மாறிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வானம் வெறிச்சோடிற்று, பிறகு பிரயாணிகள் திரளாகத் திரும்பினர், விலைவாசி ஏறிற்று. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் டெல்டா கம்பெனி விமானிகள் 2023 மார்ச் மாதத்தில் நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு 34 வீதம் உயர்வு பெற்றனர். யுனைட்டெட், அமெரிக்கன் ஆகிய கம்பெனிகளின் விமானிகளும் அதே ஆண்டில் பெரும் உயர்வு பெற்றனர். அதே வானத்தில் அதே விமானத்தை ஓட்டும் கனடியர் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றனர். நூல் விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாத நிலையில் துணியின் விலையைப் பத்து ஆண்டுக்கு நிர்ணயித்துக் கையெழுத்திட்டால் என்ன நேரும் என்பதை நாம் ஊகிக்கலாம். நீண்ட ஒப்பந்தம் நிம்மதி தருவது போல் தோன்றும். அடங்கிய குறைகள் அதன் முடிவில் ஒரே நாளில் வெடிக்கும்.

இனி, விமானிகளின் கையிலிருந்த பலம் எத்தகையது என்று பார்ப்போம். நெய்த புடவை இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கலாம். ஆனால் பறித்த தக்காளியை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? விமானத்தின் இருக்கை தக்காளியைவிட விரைவில் கெடுவது. காலியாகச் சென்ற இருக்கையை மறுநாள் விற்க முடியாது. விமானம் புறப்படாத நாளின் வருமானம் போனது போனதே. அன்றியும், வேலைநிறுத்தம் வரலாம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் பிரயாணிகள் வேறு கம்பெனியில் சீட்டு வாங்கத் தொடங்குவர். தேசமெங்கும் சிதறிக் கிடக்கும் விமானங்களையும் சிப்பந்திகளையும் மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவரப் பல நாட்கள் பிடிக்கும். ஆகவே விமானிகளின் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே கம்பெனிக்கு நஷ்டம் தொடங்கிவிடுகிறது. 2023 மே மாதத்தில் கனடாவின் மற்றொரு கம்பெனியான வெஸ்ட்ஜெட், வேலைநிறுத்தத்துக்குச் சில மணி நேரம் முன்பாக விமானிகளோடு உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் அதற்குள்ளாகவே நூற்றுக்கு மேற்பட்ட விமானப் பயணங்களை ரத்துச் செய்துவிட்டது.

இத்தகைய கூரிய ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பொறுப்பும் அதே அளவு உண்டு. ஏனெனில் வெட்டுப்படுவது கம்பெனி மட்டுமன்று. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் கம்பெனி விமானிகள் ஆகஸ்ட் 28 முதல் பதினைந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விமானங்கள் நின்றதும், பேரத்தில் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான மற்ற ஊழியர்கள் தற்காலிகமாக வேலையிழந்தனர். மூட்டை தூக்குபவருக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கும் விமானியைப் போலப் பதினைந்து நாள் தாங்கும் சேமிப்பு இருந்திருக்குமா? வேறு கம்பெனியின் விமானம் வராத சிற்றூர் மக்கள் என்ன செய்வர்? இந்தக் கேள்விகளைக் கேளாமல் வாக்களிக்கும் சங்கம் தன் சுயநலத்தை மட்டும் காண்கிற சங்கமாகிவிடும்.

ஆயுதத்தைத் தவறாக வீசினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அநுபவம் நிலையான எச்சரிக்கையாகும். 1989-இல் அந்நாட்டு உள்நாட்டு விமானிகள் நூற்றுக்கு 29.47 வீதம் உயர்வு கேட்டனர். அக்காலத்தில் சர்க்காரும் தொழிற்சங்கங்களின் மத்திய சபையும் கூடிச் சம்பள உயர்வுக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தனர். விமானிகளின் கோரிக்கை அந்த வரம்பை மிகவும் தாண்டியதாக இருந்தது. ஆகஸ்ட் 18 முதல் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் மட்டுமே விமானம் ஓட்டுவோம் என்றனர். கம்பெனிகள் வழக்குத் தொடுக்க முற்பட்டதும், தனித்தனி விமானிகள் நஷ்டஈட்டு வழக்குக்கு ஆளாகாமல் தப்பும் பொருட்டு, ஆகஸ்ட் 24-ஆம் தேதி 1,600-க்கு மேற்பட்ட விமானிகள் ஒருசேர ராஜிநாமா செய்தனர். பிரதமர் பாப் ஹாக் முன்னாளில் தொழிற்சங்கங்களின் மத்திய சபைக்கே தலைவராயிருந்தவர். ஆயினும் அவர் கம்பெனிகளின் பக்கம் நின்றார். ராணுவ விமானங்களைப் பிரயாணிகளுக்காகப் பறக்கவிட்டார். வெளிநாட்டு விமானங்களும் விமானிகளும் வரவழைக்கப்பட்டனர். ஏனைய தொழிற்சங்கங்கள் கைகொடுக்கவில்லை. மாதங்கள் சென்றன, கம்பெனிகள் புதிய ஆட்களை வைத்துப் போக்குவரத்தை நடத்தலாயின. ராஜிநாமா செய்தவர்களில் பலர் பழைய வேலைக்குத் திரும்பவேயில்லை. பிழைப்பைத் தேடிப் பிற நாடுகளுக்குச் சென்றவர் பலர்.

அவர்களிடம் ஒற்றுமை இல்லாமலில்லை. ஒரே நாளில் ஆயிரத்து அறுநூறு பேர் வேலையைத் துறப்பதற்கு எத்துணை ஒற்றுமை வேண்டும்! அவர்களிடம் குறைந்திருந்தவை இரண்டு. ஒன்று, சங்கத்துக்கு வெளியே உள்ளோரின் ஆதரவு. மற்றது, திரும்பி வருவதற்கு ஒரு வழி. ராஜிநாமா என்பது பேச்சுவார்த்தையின் கதவைத் தம் கையாலேயே சாத்திக்கொள்வதாகும். உள்ளே இறுகப் பின்னிய துணியேயானாலும், ஓரம் கட்டாவிட்டால் பிரிந்துபோகும் என்பது நமக்குத் தெரிந்ததே.

கனடிய விமானிகள் செய்தது வேறு. வேலைநிறுத்தத்துக்கு அதிகாரம் அளிக்கும் வாக்கெடுப்பு வேறு, வேலைநிறுத்தம் வேறு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அந்நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை செய்கிறது. முதலில் சமரச அதிகாரி முன்னிலையில் அறுபது நாள் பேச்சு. அதிலும் முடிவு காணாவிடில் இருபத்தொரு நாள் பொறுத்திருத்தல். இரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை. கடைசியாக எழுபத்திரண்டு மணி நேர முன்னறிவிப்பு. இத்தனை படிகளையும் கடந்த பின்னரே வேலையை நிறுத்தலாம். கோபத்தில் எடுத்த முடிவு இத்தனை படி ஏறுவதற்குள் களைத்துவிடும்; நியாயத்தில் எடுத்த முடிவு படிக்குப் படி உறுதிப்படும். நூற்றுக்கு 98 என்ற அந்த எண்ணிக்கை, பேச்சுவார்த்தை மேஜையில் அமர்ந்த சங்கப் பிரதிநிதிகளின் பின்னால் நின்ற படை. படை நிற்பது எதிரிலிருப்போருக்குத் தெரிந்தால் போதும். அது புறப்பட வேண்டிய அவசியம் நேருவதில்லை.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனையை மறக்கலாகாது. தேவைப்பட்டால் புறப்பட முடியும் என்றிருந்தால்தான் நிற்கிற படைக்கு மதிப்பு. இதனால்தான் சர்க்காரின் போக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு இதே ஏர் கனடாவில் தகராறு முற்றியபோது, கனடியப் பார்லிமெண்ட் வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தடுத்து மார்ச் மாதத்தில் ஒரு சட்டம் செய்தது. இரு தரப்பாரும் தத்தம் இறுதிக் கோரிக்கையைத் தர, மத்தியஸ்தர் அவற்றில் ஒன்றை அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜூலையில் அவர் தேர்ந்தெடுத்தது கம்பெனியின் கோரிக்கையை. விமானங்கள் பறந்தன, மனக்குறை தரையிலேயே கிடந்தது. 2024-இலோ சர்க்கார், இரு தரப்பாரும் மேஜையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறி ஒதுங்கி நின்றது. தீர்வும் மேஜையிலேயே பிறந்தது.

மறு ஆண்டே வேறொரு காட்சி. 2025 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஏர் கனடாவின் விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர், வேலைநிறுத்தம் தொடங்கினர். விமானம் தரையில் நிற்கும் நேரத்தில் தாம் செய்யும் வேலைக்குக் கூலியில்லை என்பது அவர்களுடைய முக்கியக் குறை. இதில் சர்க்கார் அரை நாளுக்குள்ளாகவே தலையிட்டு வேலைக்குத் திரும்புமாறு உத்தரவு பிறப்பிக்க வழி செய்தது. சங்கம் அதற்குப் பணிய மறுத்தது. மூன்று நாள் கழித்து உடன்பாடு வந்ததும் பேச்சுவார்த்தையின் மூலமேயன்றி உத்தரவின் மூலமன்று. பொதுமக்களின் கஷ்டத்தைப் போக்க வேண்டிய கடமை சர்க்காருக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'எப்படியும் சர்க்கார் வந்து தடுத்துவிடும்' என்ற நம்பிக்கை கம்பெனிக்கு ஏற்பட்டுவிட்டால், அது பேச்சுக்கு உட்காருவது பெயரளவில்தான் இருக்கும். தொழிலாளியின் ஆயுதத்தைப் பறிப்பதால் சமாதானம் வருவதில்லை. பேச வேண்டிய அவசியம் முதலாளிக்கு இல்லாமற் போகிறது, அவ்வளவே.

கடைசியாக ஒரு விஷயம். நம் அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியதும் இதுவே. விமானிகளின் தலைவர்கள் உடன்பாடு செய்துகொண்டு அத்தோடு நின்றுவிடவில்லை. அதை அங்கத்தினர் முன் வைத்து மறுபடி வாக்குக் கேட்டனர். 2024 அக்டோபர் 10-ஆம் தேதி முடிவு வெளியாயிற்று: ஆதரித்தவர் நூற்றுக்கு 67 பேர். போராட அதிகாரம் அளிக்க 98. கிடைத்ததை ஏற்க 67. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிந்திக்கத் தக்கது. எதிர்த்து வாக்களித்தோர் மூன்றில் ஒரு பங்கினர். புதியவர்களின் மட்டமான சம்பளக் காலம் நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்ததேயன்றி அடியோடு நீங்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும்.

எதிரியை நோக்கி நிற்கும்போது ஒற்றுமை எளிது. கிடைத்ததைப் பங்கிடும்போதுதான் அதன் உண்மை தெரியும். மூத்தவர்களின் நலத்தை மட்டும் காக்கும் சங்கம், அடுத்த பேரத்தின்போது இளையவர்களைத் தன் பின்னால் காணாது. சங்கத்தின் ஆயுள் அதன் கடைசி வரிசையில் நிற்பவனின் நம்பிக்கையில் இருக்கிறது.

இவையனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கையில் நம் அபிப்பிராயம் இது. பேரத்தில் இறங்கிய விமானிகள் வேலைநிறுத்தத்தை ஆலோசிப்பது குற்றமன்று. அது அவர்களுடைய உரிமை. அந்த உரிமையின்றி அவர்களுடைய பேச்சு பேச்சாகாது, விண்ணப்பமாகவே முடியும். ஆனால் அந்த உரிமையைக் கையில் எடுக்குமுன் அவர்கள் நான்கு காரியங்களைச் செய்திருக்க வேண்டும். ஒவ்வோர் அங்கத்தினரின் மனத்தையும் இரகசிய வாக்கினால் அறிந்திருத்தல். தோற்றால் யார் எவ்வளவு இழப்பர் என்ற கணக்கைத் தங்களுக்கும், தங்களோடு பணிபுரியும் எளியோருக்கும் சேர்த்துப் போட்டிருத்தல். கடைசி மணி வரையில் பேச்சின் கதவைத் திறந்து வைத்திருத்தல். கிடைத்த முடிவை மறைக்காமல் அங்கத்தினர் முன் வைத்து அவர்கள் தீர்ப்புக்குப் பணிதல். இந்நான்கும் இருந்த இடத்தில் பெரும்பாலும் வேலைநிறுத்தம் தேவைப்படாது. தேவைப்பட்டால் அதற்கு நியாயமும் பலமும் இருக்கும்.

நம் சங்கங்களின் பொதுக்குழுவில் கூலி உயர்வோ கொள்முதல் விலையோ ஆலோசனைக்கு வரும்போது, கை தூக்குவதோடு நம் கடமை தீர்ந்தது என்று சிலர் எண்ணிக் கலைந்துவிடுகின்றனர். கை தூக்குவது கடமையின் தொடக்கம். அந்தக் கையின் பின்னால் உறுதி உண்டா, அந்த உறுதியின் பின்னால் கணக்கு உண்டா, அந்தக் கணக்கில் நம்மில் எளியவருக்கும் இடம் உண்டா என்று கேட்டுக்கொள்வதே எஞ்சிய கடமை. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மூன்று கேள்விகளையும் மனத்தில் கொண்டு வருவாராயின், இந்தக் கட்டுரையை எழுதியதன் பயனை நாம் அடைந்தவராவோம்.